சிரட்டையின் சூடு எவ்வளவு?

விழிஞ்ஞம் என்றதும் இப்போது துறைமுகத்தின் பெரிய கிரேன்கள்தான் நினைவுக்கு வருகின்றன. 2024 ஜூலையில் முதல் தாய்க்கப்பல் வந்து நின்றது. 2025 மே 2 அன்று துறைமுகம் முறைப்படி தொடங்கிவைக்கப்பட்டது. அந்தக் கரைக்கு ஆற்றல் கணக்கோடு பழைய தொடர்பும் உண்டு. 1991-இல் சென்னை ஐஐடி கடலலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் 150 கிலோவாட் நிலையத்தை விழிஞ்ஞத்தின் அலைதடுப்புச் சுவரை ஒட்டி அமைத்தது. இப்போது அது ஓடவில்லை. முழுத் திறனில் ஓடிய ஒரு மணி நேரத்தில் அது தந்திருக்கக்கூடிய ஆற்றல் எவ்வளவு? 33 கிலோ சிரட்டையை எரித்தால் கிடைக்கும் வெப்பத்துக்குச் சமம். அந்த வெப்பத்தை மின்சாரமாக மாற்ற வேண்டுமென்றால் சிரட்டை பல மடங்கு தேவைப்படும். அது வேறு கணக்கு.

இந்த 33 கிலோ எங்கிருந்து வந்தது? அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கொட்டாங்குச்சி என்று மற்ற ஊர்களிலும், சிரட்டை என்று குமரி மாவட்டத்திலும் மலையாளக் கரையிலும் சொல்லப்படும் அந்தப் பொருளை எரிக்காமலேயே, அதில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்து, அது எவ்வளவு சூடு தரும் என்று மதிப்பிடலாம். விறகு, கதம்பை எனும் தேங்காய் மட்டை, கரி, நிலக்கரி எல்லாவற்றுக்கும் வழி இதுவே. விழிஞ்ஞத்துக்குக் கிழக்கே உள்ள தென்னந்தோப்புகளிலிருந்து வரும் சிரட்டையும் கதம்பையும் பேக்கரி அடுப்புக்கும் கொப்பரை உலர்த்திக்கும் டீக்கடைக்கும் போகின்றன. காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் சிரட்டையையே எரிபொருளாகக் கொண்ட கொப்பரை உலர்த்தியை வடிவமைத்துத் தந்திருக்கிறது. அப்படி ஒரு உலர்த்தியை வாங்குபவருக்கு, ஒரு நாளைக்கு எத்தனை கிலோ சிரட்டை வேண்டும் என்று தெரிய வேண்டாமா?

குவியலிலிருந்து தொடங்குவோம். ஒரு லாரி சிரட்டையில் நாம் சோதிக்கப்போவது கடைசியில் ஒரு கிராம். அந்த ஒரு கிராம் லாரி முழுவதற்கும் சாட்சி சொல்ல வேண்டும். அதனால் மேலே கிடப்பதை மட்டும் அள்ளக்கூடாது. குவியலின் மேல், நடு, அடி என்று பல இடங்களிலிருந்து எடுத்து, உடைத்து, ஒன்றாகக் கலந்து கூம்பாகக் குவிக்க வேண்டும். கூம்பைத் தட்டையாக்கி நான்காகப் பகுத்து, எதிரெதிரே உள்ள இரண்டு பகுதிகளை வைத்துக்கொண்டு மற்ற இரண்டைத் தள்ளிவிட வேண்டும். மீந்ததை மறுபடி கூம்பாக்கி, மறுபடி பகுத்து, கைக்கு அடங்கும் அளவுக்குக் குறைக்கலாம். நிலக்கரிச் சுரங்கத்திலும் வழக்கம் இதுதான். ஈரம் போகாமல் இருக்க மாதிரியை உடனே மூடியுள்ள டப்பாவில் அடைத்துவிட வேண்டும்.

கடற்கரையில் இன்னொரு தொல்லை உண்டு. மணலில் உலர்த்திய சிரட்டையின் உட்புறத்திலும் நாரிலும் மணல் ஒட்டிக்கொள்ளும். அது சோதனையில் சாம்பலாகத்தான் தெரியும். சுத்தமான சிரட்டையில் சாம்பல் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. மணல் சேர்ந்தால் அது எளிதில் பல மடங்காகிவிடும். ஒவ்வொரு சதவீத மணலுக்கும் கிலோவுக்கு ஏறத்தாழ 47 கிலோகலோரி குறையும். மாதிரியைக் கழுவிவிட்டுச் சோதித்தால் எண் அழகாக வரும், ஆனால் அடுப்பில் போடுவது கழுவாத சிரட்டை. ஆகவே கழுவக்கூடாது. மாறாக, உள்ளே கொப்பரைத் துணுக்கு ஒட்டியிருந்தால் எண் கொஞ்சம் ஏறும். தேங்காய் எண்ணெயின் வெப்ப மதிப்பு கிலோவுக்கு 9,000 கிலோகலோரியை ஒட்டி இருக்கிறது.

மாதிரியை அடுத்து மாவாக அரைக்க வேண்டும். சிரட்டை இரும்பைப் போலக் கடினம். சுத்தியலால் உடைத்துத்தான் ஆலையில் போட வேண்டும். ஆலை சூடேறினால் ஈரம் பறந்துவிடும். எனவே விட்டுவிட்டு அரைப்பது நல்லது, அல்லது முழு ஈரத்தைப் பெருந்துண்டுகளாக இருக்கும்போதே தனியாக அளந்து வைத்துக்கொள்ள வேண்டும். நான் சொல்வது இரண்டாவது வழியை.

இனி சோதனைகள். திண்ம எரிபொருளை நான்கு கூறாகப் பிரிப்பது பழைய முறை: ஈரம், ஆவியாகும் பொருள், நிலைத்த கரி, சாம்பல். நிலக்கரிக்கென எழுதப்பட்ட இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 1350-இல் இவற்றுக்கான வெப்பநிலைகளும் நேரங்களும் உள்ளன.

ஈரத்துக்கு 108 டிகிரி செல்சியஸ் அடுப்பு. எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்தி, குறைந்த எடையைச் சதவீதமாக்கினால் முடிந்தது. இந்த ஒரு சோதனைக்கு ஆய்வகமே தேவையில்லை. வீட்டில் கேக் சுடும் மின் அடுப்பும், ஒரு கிராம் துல்லியத்தில் காட்டும் சமையலறைத் தராசும் போதும். நூறு கிராம் துண்டுகளைத் தட்டில் பரப்பி, 105 டிகிரியில் வைத்து, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்து நிறுத்துப் பார்க்கலாம். அடுத்தடுத்த இரண்டு நிறுவைகளும் ஒன்றாக இருந்தால் நிறுத்திவிடலாம். நூறு கிராம் தொண்ணூறாகியிருந்தால் ஈரம் 10 சதவீதம். கல்லூரியில் வேதியியல் படிக்காதவர்களும் செய்யக்கூடிய இந்த வேலையைத்தான் எரிபொருள் வாங்குபவர்களில் பெரும்பாலோர் செய்வதில்லை.

ஆவியாகும் பொருளுக்கு மூடியுள்ள மூசையில் ஒரு கிராம் மாவை எடுத்து, 900 டிகிரி உலையில் ஏழே நிமிடம் வைக்க வேண்டும். காற்று உள்ளே போகாததால் எரியாது. வாயுவும் தாரும் மட்டும் வெளியேறும். குறைந்த எடையிலிருந்து ஈரத்தைக் கழித்தால் ஆவியாகும் பொருள். ஏழு நிமிடம் என்பது ஒரு மரபு. எட்டு நிமிடம் வைத்தால் வேறு எண் வரும். அதாவது ‘ஆவியாகும் பொருள்’ என்று சிரட்டைக்குள் தனியாக எதுவும் உட்கார்ந்திருக்கவில்லை. அந்த வெப்பநிலையில் அந்த நேரத்தில் பிரிந்து போவதற்கு நாம் வைத்த பெயர் அது. ஆகவே முறையைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்லும் சோதனை அறிக்கையை நம்பாதீர்கள்.

சாம்பலில்தான் தென்னை தன் குணத்தைக் காட்டுகிறது. நிலக்கரிக்கு 815 டிகிரி. அதே வெப்பநிலையைத் தென்னைப் பொருள்களுக்கு வைத்தால் கணக்கு பிசகும். தென்னைச் சாம்பலில் பொட்டாசியம் அதிகம். தோப்புக்காரர்கள் அடுப்புச் சாம்பலைத் தென்னந்தூரில் கொட்டுவது அதற்காகத்தான். கதம்பையில் பொட்டாசியத்தோடு குளோரினும் சேர்ந்திருக்கிறது. 815 டிகிரியில் பொட்டாசியம் குளோரைடு கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகத் தொடங்கும். சாம்பல் குறைவாகத் தெரியும். கழித்து எடுக்கும் நிலைத்த கரி அந்த அளவுக்குக் கூடுதலாகத் தெரியும். தாவர எரிபொருளுக்கு ஐரோப்பியத் தரநிலை 550 டிகிரியையும் அமெரிக்கத் தரநிலை 575 டிகிரியையும் சொல்வது இதனால்தான். சோதனைக்கு அனுப்பும்போது ‘சாம்பல் எத்தனை டிகிரியில்?’ என்று கேட்டுவிடுவது நல்லது. உப்புநீரில் ஊறவைத்த கதம்பையிலிருந்து வரும் நார்க்கழிவாக இருந்தால் உப்பும் சேர்ந்து சாம்பலைக் கூட்டிவிடும். அந்தச் சாம்பல் உருகி அடுப்புக் கம்பிகளில் கட்டியாகப் பிடிக்கும். வெப்ப மதிப்பு எண்ணில் இது தெரியாது, அடுப்பைச் சுத்தம் செய்பவருக்குத் தெரியும். கரையில் ஒதுங்கும் மரத்துண்டுகளைக் கொதிகலனில் போடக்கூடாது என்பதும் இதே காரணத்தால். உப்பு குழாய்களை அரித்துவிடும்.

நான்காவது கூறான நிலைத்த கரியை யாரும் அளப்பதில்லை. நூறிலிருந்து மற்ற மூன்றையும் கழித்தால் மீதி அது. எனவே மூன்று சோதனைகளின் பிழையும் வந்து சேரும் இடம் அதுதான்.

வந்தபடியே சோதித்த ஒரு சிரட்டையில் ஈரம் 10, ஆவியாகும் பொருள் 69.5, நிலைத்த கரி 19.9, சாம்பல் 0.6 என்று வைத்துக்கொள்வோம். சூத்திரங்களில் பெரும்பாலானவை உலர்ந்த பொருளுக்கு எழுதப்பட்டவை. ஆகவே ஈரத்தை நீக்கிய கணக்குக்கு மாற்ற வேண்டும்: ஒவ்வொன்றையும் 90-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் ஆவியாகும் பொருள் 77.2, நிலைத்த கரி 22.1, சாம்பல் 0.7. ஆய்வு இலக்கியத்தில் சிரட்டைக்குப் பலரும் எடுத்தாளும் எண்கள் இவற்றை ஒட்டியவையே: 77.19, 22.10, 0.71. இனி அவற்றையே எடுத்துக்கொள்கிறேன்.

இதோடு இன்னொரு பகுப்பும் உண்டு. அது தனிமங்களின் கணக்கு. இரண்டு மூன்று மில்லிகிராம் மாவை ஆக்சிஜனில் ஆயிரம் டிகிரி அளவில் எரித்து, வெளிவரும் வாயுக்களைப் பிரித்து அளந்து, கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன், கந்தகம் எவ்வளவு என்று கருவி சொல்லிவிடும். ஆக்சிஜனை அது சொல்லாது. அதையும் நூறிலிருந்து கழித்துத்தான் எடுக்க வேண்டும். மாதிரியில் ஈரம் மிச்சமிருந்தால் அந்த நீரின் ஹைட்ரஜனும் எரிபொருளின் ஹைட்ரஜனாகக் கணக்கில் ஏறிவிடும். நீரின் எடையில் ஒன்பதில் ஒரு பங்கு ஹைட்ரஜன். 10 சதவீத ஈரம் இருந்தால் அறிக்கையில் ஹைட்ரஜன் 1.1 சதவீதம் கூடுதலாக நிற்கும். உலர்ந்த சிரட்டைக்கு அதே இலக்கிய எண்கள்: கார்பன் 50.22, ஹைட்ரஜன் 5.70, ஆக்சிஜன் 43.37, நைட்ரஜனும் கந்தகமும் இல்லை என்றே சொல்லலாம்.

பொருள்கள் கையில் வந்துவிட்டன. இனி எந்தச் சூத்திரம்?

பாடப்புத்தகங்களில் முதலில் வருவது துலாங் சூத்திரம். பியர் லூயி துலாங் பிரெஞ்சுக்காரர். 1811-இல் நைட்ரஜன் டிரைகுளோரைடைக் கண்டுபிடிக்கப்போய், அது வெடித்ததில் ஒரு கண்ணையும் விரல்களையும் இழந்தவர், 1838-இல் மறைந்தார். வெப்ப மதிப்பைப் பற்றி அவர் பெயரில் வழங்கும் விதி எளிமையானது. கார்பன் எரிந்தால் கிலோவுக்கு 8,080 கிலோகலோரி, ஹைட்ரஜன் எரிந்தால் 34,500, கந்தகம் 2,240. எரிபொருளில் ஏற்கனவே உள்ள ஆக்சிஜன் தன் பங்குக்குரிய ஹைட்ரஜனோடு சேர்ந்து நீராகவே இருப்பதாகக் கொண்டு, ஆக்சிஜனில் எட்டில் ஒரு பங்கை ஹைட்ரஜனிலிருந்து கழித்துவிட வேண்டும்.

சிரட்டைக்குப் போட்டுப் பார்ப்போம். கார்பனிலிருந்து 4,058. ஹைட்ரஜன் 5.70, ஆக்சிஜனின் எட்டில் ஒரு பங்கு 5.42, மிஞ்சுவது 0.28. அதிலிருந்து 96. கூட்டினால் 4,154 கிலோகலோரி. ஆனால் வெப்ப அளவிக் கலத்தில் எரித்து அளந்தபோது கிடைத்தது கிலோவுக்கு 20.5 மெகாஜூல், அதாவது 4,896 கிலோகலோரி. துலாங் 15 சதவீதம் குறைத்துச் சொல்லிவிட்டார்.

அவர் மீது குற்றமில்லை. நல்ல நிலக்கரியில் ஆக்சிஜன் சொற்பம். அங்கே இந்த ஊகம் பெரிய தீங்கு செய்யாது. தாவரப் பொருளில் ஆக்சிஜன் எடையில் நாற்பது சதவீதத்துக்கும் மேல். செல்லுலோஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் நீரில் உள்ள அதே விகிதத்தில் இருக்கின்றன. ஆகவே துலாங் கணக்கில் அதன் ஹைட்ரஜன் முழுவதும் செத்த கணக்கு. கார்பனுக்கான 3,590 மட்டுமே மிஞ்சும். உண்மையில் செல்லுலோஸ் 4,150 அளவில் தருகிறது. செல்லுலோஸுக்குள் ஆக்சிஜன் நீராக ஒளிந்திருக்கவில்லை, கார்பனோடும் பிணைந்திருக்கிறது. அந்தப் பிணைப்புகளின் ஆற்றல் துலாங்கின் கூட்டலில் இல்லை. சிரட்டை சாதாரண விறகைவிடச் சூடாக எரிவதற்குக் காரணம், அதில் லிக்னின் மிகுதி. லிக்னினின் வெப்ப மதிப்பு செல்லுலோஸைவிட மிக அதிகம்.

துலாங்குக்குப் பிறகு பலர் பல திருத்தங்களைச் செய்தார்கள். அவற்றில் உலகம் முழுவதும் அதிகம் கையாளப்படும் ஒன்று இந்தியர்களுடையது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. சூரத்தைச் சேர்ந்த சன்னிவாலாவும் மும்பை ஐஐடியின் பாரிக்கும் திண்மம், திரவம், வாயு மூன்றுக்கும் பொருந்தும்படி ஒரே சூத்திரத்தை 2002-இல் வெளியிட்டார்கள். உலர்ந்த பொருளின் சதவீதங்களைப் போட்டால் கிலோவுக்கு மெகாஜூலில் விடை வரும்:

வெப்ப மதிப்பு = 0.3491 × கார்பன் + 1.1783 × ஹைட்ரஜன் + 0.1005 × கந்தகம் − 0.1034 × ஆக்சிஜன் − 0.0151 × நைட்ரஜன் − 0.0211 × சாம்பல்.

துலாங்கைப் போல ஆக்சிஜனைக் கொண்டு ஹைட்ரஜனை விழுங்கவைக்காமல், ஆக்சிஜனுக்கென்று ஒரு சிறு தண்டத்தை மட்டும் இது விதிக்கிறது. அந்தத் தண்டம் எவ்வளவு என்பதை ஏராளமான எரிபொருள்களின் அளந்த மதிப்புகளிலிருந்து எடுத்தார்கள். சிரட்டைக்கு: 17.53-உம் 6.72-உம் கூட்டி, 4.48-உம் 0.02-உம் கழித்தால் 19.75 மெகாஜூல். கிலோகலோரியில் 4,717. அளந்த மதிப்பைவிட 3.7 சதவீதம் குறைவு. இந்தச் சூத்திரத்தின் சராசரிப் பிழை 1.45 சதவீதம் என்று ஆசிரியர்கள் சொல்லியிருக்கிறார்கள். சிரட்டைக்கு அதற்கு மேலேயே வருகிறது. சராசரிப் பிழை என்பது எல்லாப் பொருளுக்கும் தரும் உத்தரவாதமல்ல.

தனிமங்களைப் பிரிக்கும் கருவி எல்லா ஊரிலும் இல்லை. மூசையும் உலையும் மட்டும் உள்ள ஆய்வகத்துக்காக பாரிக், சன்னிவாலா, கோசல் மூவரும் 2005-இல் இன்னொன்றைத் தந்தார்கள்: நிலைத்த கரியை 0.3536-ஆல் பெருக்கி, ஆவியாகும் பொருளை 0.1559-ஆல் பெருக்கிக் கூட்டி, சாம்பலை 0.0078-ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். சிரட்டைக்கு 7.81-உம் 12.03-உம் சேர்ந்து 19.84 மெகாஜூல், சாம்பலின் பங்கு கணக்கில் எடுக்கும் அளவுக்கு இல்லை. 4,739 கிலோகலோரி. செலவு குறைந்த சோதனை, அதிகச் செலவுள்ள சோதனையைவிட உண்மைக்குச் சற்று நெருக்கமாக வந்திருப்பதைக் கவனியுங்கள். இதை வைத்து இரண்டாவதே மேல் என்று முடிவுகட்ட வேண்டாம். அதன் சராசரிப் பிழை 3.74 சதவீதம். ஆனால் விழிஞ்ஞத்துப் பேக்கரிக்காரருக்கும் கொப்பரைக்காரருக்கும் அது தாராளமாகப் போதும்.

இங்கே நம் நாட்டு நிலக்கரியின் கதையைச் சொல்லாமல் போக முடியாது. ஏனென்றால் கலவையிலிருந்து வெப்ப மதிப்பைக் கணக்கிடும் ஒரு சூத்திரத்தை வைத்துத்தான் பல ஆண்டுகள் இந்தியா நிலக்கரிக்கு விலை வைத்தது. பயனுறு வெப்ப மதிப்பு என்று அதற்குப் பெயர். 8,900-லிருந்து, சாம்பலையும் ஈரத்தையும் கூட்டி 138-ஆல் பெருக்கிய தொகையைக் கழிக்க வேண்டும், அவ்வளவுதான். கார்பனும் வேண்டாம், ஹைட்ரஜனும் வேண்டாம். வந்த எண்ணைப் பொறுத்து ‘ஏ’ முதல் ‘ஜி’ வரை தரம் பிரிப்பார்கள். சாம்பலும் ஈரமும் சேர்ந்து 40 சதவீதம் என்றால் மதிப்பு 3,380. ‘ஈ’ தரத்தின் கீழெல்லை 3,360 என்பதால் தப்பித்தது. சாம்பல் ஒரு சதவீதம் கூடினால் 3,242. ‘எஃப்’ தரத்துக்கு விழுந்துவிடும், விலையும் கூடவே விழும். சாம்பலில் ஒரு சதவீதம் என்பது மாதிரி எடுப்பதிலேயே வரக்கூடிய வேறுபாடு. ஒடிசாவின் தால்சேர் நிலக்கரி பாராதீப்பில் கப்பலேறி எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வருகிறது. இறங்கும் இடத்தில் எடுத்த மாதிரியும் ஏறிய இடத்தில் எடுத்த மாதிரியும் ஒத்துப்போகாவிட்டால் சண்டை வராமல் இருக்குமா? 2012 ஜனவரியிலிருந்து இந்தச் சூத்திரத்தை விட்டுவிட்டு, கலத்தில் எரித்து அளக்கும் மொத்த வெப்ப மதிப்பை அடிப்படையாக்கி, 300 கிலோகலோரி இடைவெளியில் ‘ஜி 1’ முதல் ‘ஜி 17’ வரை தரங்களை மாற்றினார்கள். நல்ல மாற்றம்தான், மாதிரி எடுக்கும் தகராறு மட்டும் அப்படியே இருக்கிறது.

விளையாட்டாக அந்த நிலக்கரிச் சூத்திரத்தைச் சிரட்டைக்குப் போட்டால், 10 சதவீத ஈரத்தோடு 7,432 கிலோகலோரி வருகிறது. உண்மையைவிட ஒன்றே முக்கால் மடங்கு. எந்தச் சூத்திரமும் எந்தக் குடும்பத்து எரிபொருளை வைத்துப் பிறந்ததோ அங்கே மட்டும்தான் செல்லுபடியாகும். சாம்பலும் ஈரமும் குறைந்ததெல்லாம் நல்ல நிலக்கரி என்ற ஊகத்தில் எழுதிய கணக்குக்கு, சாம்பலே இல்லாத மரம் ஒன்று எதிரில் வந்து நின்றால் என்ன செய்யத் தெரியும்?

இதுவரை கிடைத்தது உலர்ந்த சிரட்டையின் மொத்த வெப்ப மதிப்பு. எரியும்போது உண்டாகும் நீராவி குளிர்ந்து நீராகி, தன் உள்வெப்பத்தையும் திருப்பித் தந்துவிட்டது என்ற கணக்கு அது. கலத்துக்குள் அப்படி நடக்கிறது. அடுப்பில் நீராவி புகைபோக்கி வழியே போய்விடுகிறது. எனவே கடைசிப் படி, நிகர வெப்ப மதிப்பு.

ஒரு கிலோ ஹைட்ரஜன் எரிந்தால் ஒன்பது கிலோ நீர். அதோடு ஏற்கனவே உள்ள ஈரம். இரண்டையும் கூட்டி, ஒரு கிலோ நீருக்கு ஏறத்தாழ 584 கிலோகலோரி வீதம் கழிக்க வேண்டும். 10 சதவீத ஈரமுள்ள சிரட்டையில் உலர்பொருள் 90 சதவீதம் மட்டுமே. ஆகவே 4,717-இல் 90 சதவீதம் 4,245. ஹைட்ரஜன் 5.13 சதவீதம், அதிலிருந்து உண்டாகும் நீர் 0.46 கிலோ, ஈரம் 0.10 கிலோ, கழிப்பது 328. நிகரம் 3,917 கிலோகலோரி. தொடக்கத்தில் சொன்ன 33 கிலோ இதிலிருந்து வந்ததுதான்: 150 கிலோவாட் ஒரு மணி நேரத்துக்கு 1,29,000 கிலோகலோரி, அதை 3,917-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஜூனில் இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நனைந்த, நார் ஒட்டிய அதே சிரட்டையில் ஈரம் 25 சதவீதம். உலர்பொருள் 75 சதவீதம், மொத்த மதிப்பு 3,538. நீர் 0.63 கிலோ, கழிப்பது 371. நிகரம் 3,167. கிலோவுக்கு 750 கிலோகலோரி, அதாவது ஐந்தில் ஒரு பங்கு, காணாமல் போயிற்று. கிலோ விலை மாறாமல் இருந்தால் அதே சூட்டுக்கு நீங்கள் 24 சதவீதம் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். இரண்டு சூத்திரங்களுக்கும் இடையே இருந்த வேறுபாடு 22 கிலோகலோரி. ஈரத்தால் வந்த வேறுபாடு 750. தசமப் புள்ளிக்குப் பின்னால் நான்கு இலக்கம் எழுதி மயங்குகிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கலாம். நெய்வேலியில் வெட்டியெடுக்கும் பழுப்பு நிலக்கரியில் எடையில் பாதியளவு நீர். அங்கே கொதிகலனை வடிவமைப்பவர்கள் முதலில் பார்க்கும் எண் ஈரம்தான்.

கரியாக்கிவிட்டால் ஈரத் தொல்லை தீருமே என்று தோன்றலாம். நிலைத்த கரி 80, ஆவியாகும் பொருள் 17, சாம்பல் 3 என்று ஒரு சிரட்டைக்கரி இருந்தால், 2005 சூத்திரப்படி 30.9 மெகாஜூல், 7,380 கிலோகலோரி. தேய்ப்புப் பெட்டிக்காரருக்கு இது பொன். ஆனால் குழியில் கரி சுட்டால் நூறு கிலோ சிரட்டைக்கு முப்பது கிலோ கரி கிடைத்தாலே நல்ல விளைச்சல். கணக்கிட்டால், சிரட்டையில் இருந்த ஆற்றலில் ஏறத்தாழப் பாதி புகையாகப் போய்விட்டது. அந்தப் புகையையும் எரித்துப் பயன்படுத்தாத கரிச்சூளை வீண்தான். கரியை எரிபொருளாக்குவதைவிட, செயலூட்டிய கரி செய்யும் ஆலைக்கு விற்பது மேல்.

கணக்கு எவ்வளவு நன்றாக வந்தாலும், ஆண்டுக்கு ஒருமுறையாவது கலத்தில் எரித்துச் சரிபார்க்க வேண்டும். மாவை வில்லையாக அழுத்தி, ஒரு கிராம் அளவுக்கு எடுத்து, தடித்த எஃகுக் கலத்தில் வைத்து, முப்பது மடங்கு காற்றழுத்தத்தில் ஆக்சிஜன் நிரப்பி, தண்ணீருக்குள் அமிழ்த்தி, மெல்லிய கம்பியில் மின்சாரம் பாய்ச்சிப் பற்றவைப்பார்கள். தண்ணீரின் வெப்பநிலை எவ்வளவு ஏறியது என்பதே விடை. கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க, கிராமுக்கு 26.4 கிலோஜூல் தரும் பென்சோயிக் அமிலத்தை முதலில் எரித்துப் பார்க்க வேண்டும். பொறியியல் கல்லூரி ஆய்வகங்கள் பலவற்றில் இந்தக் கருவி இருக்கிறது. சோதனைக்குக் கொடுக்கும்போது மாதிரியின் ஈரத்தையும் எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் வரும் எண் எந்த நிலைக்கு உரியது என்று யாருக்கும் தெரியாது.

சிரட்டையையோ விறகையோ லாரிக் கணக்கில் வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சூத்திரம் எதுவானாலும் பரவாயில்லை, சோதனை அறிக்கை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எடைமேடைக்கு லாரி போகும் முன் நூறு கிராம் எடுத்து அடுப்பில் உலர்த்திப் பாருங்கள். பத்துச் சதவீதத்துக்கு மேல் வரும் ஒவ்வொரு சதவீத ஈரத்துக்கும் கிலோவுக்கு 50 கிலோகலோரி கழித்து விலை பேசுங்கள்.